வல்லை வெளியில் ஒரு மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் கார் ஓடப் பழகுவது எப்படி என்பது பற்றி மேலிடம் ஒருநாள் ஆழ்ந்து சிந்தித்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. புதுக் கார் ஒன்றும் நாட்டுக்குள் வருவதில்லை, பழைய காருக்குப் பெற்றோல் வாங்க வசதியில்லை. கார் ஓட்டும் கல்வியைச் சீர்திருத்துவதற்கு அதைவிட நல்ல வேளை வாய்த்திருக்க முடியாது. சிந்தனையின் பயனாக ஒரு சுற்றுநிருபம் பிறந்து, ரயிலேறி, யாழ்ப்பாணத்து வாகனப் பரிசோதனைக் கந்தோருக்கு வந்து சேர்ந்தது.

அது சொன்னது இவ்வளவுதான். பழகுநர் அனுமதி பெற்றவர் முறைப்படி கல்வியை முடித்து, இறுதியில் மலை ஏற்றத்தில் காரை நிறுத்தி, பின்னுக்கு உருளவிடாமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாதவருக்கு லைசென்ஸ் இல்லை.

நியாயமான சட்டம். அதில் ஒரு சிறு குறைதான். குடாநாட்டில் மலை கிடையாது. எங்களிடம் உள்ளவற்றில் உயரமானவை பனைமரமும் கோயிற் கோபுரமும். இரண்டின் மேலும் கார் ஏற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் முதலில் அகப்பட்டவள் நெல்லியடிப் பத்மாசினி. அவளுடைய தகப்பன் செல்வநாயகம் நெல்லியடிச் சந்தியில் ஓர் ஒஸ்ரின் காரை வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தார். மனிதருக்குக் கண்ணில் பூ விழுந்தது. ஒருநாள் வீதியோரம் நின்ற பசு மாட்டின் அருகே காரை மரியாதையாக நிறுத்தி, கதவைத் திறந்து, எங்கே போக வேண்டும் என்று விசாரித்தார். மாடு பதில் சொல்லாததால் கோபித்துக்கொண்டும் போனார். கண் டொக்டர் இனி ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கார் ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். வேறு பிள்ளைகளும் இல்லை. பத்மாசினி சின்ன வயதிலிருந்தே தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, அந்தக் காரின் தும்மல் எது, இருமல் எது என்று அறிந்து வைத்திருந்தாள். லைசென்ஸ் மட்டுந்தான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் காரை வாங்குவதற்குக் கதிரவேலு என்பவர் காத்திருந்தார். அவர் கொக்குவில் பக்கத்தில் வெங்காயம் செய்கிறவர். காரின் எஞ்சினைக் கழற்றி, கிணற்றடியில் பூட்டி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது அவருடைய திட்டம். தை பிறப்பதற்குள் மகளுக்கு லைசென்ஸ் வராவிட்டால் கார் உமக்கு என்று செல்வநாயகம் வாக்குக் கொடுத்திருந்தார். கதிரவேலு நல்ல மனிதர். கிழமைக்கு ஒருமுறை வந்து, எஞ்சின் மூடியில் காதை வைத்துக் கேட்டு, “பிள்ளை, நல்லாய்ப் பழகு. ஆனால் எஞ்சினை நோகப் பண்ணிப்போடாதை,” என்று சொல்லிவிட்டுப் போவார்.

பழகுநர் அனுமதி சுலபமாகவே கிடைத்தது. பத்மாசினி பிறந்திருக்கிறாள் என்று ஊர் அதிகாரியான விதானையார் எழுதிக் கொடுத்தார். அவளுக்குக் கையும் காலும் உண்டு என்று ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்தார். விதானையார் விதானையார்தான், டொக்டர் டொக்டர்தான் என்று ஒரு சமாதான நீதவான் எழுதிக் கொடுத்தார். சமாதான நீதவான் யார் என்று கந்தோரில் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

காரின் முன்னும் பின்னும் எல் போட் கட்டி, பக்கத்தில் தெரிந்த றைவர் ஒருவரை இருத்திக்கொண்டு, அவள் பரீட்சைக்குப் போனாள். பரிசோதகர் தில்லைநாதன் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். அவரை ஏற்றிக்கொண்டு அவள் பஸ் நிலையத்தைச் சுற்றி, சந்தைச் சனத்துக்குள்ளால் புகுந்து, ஒரு கோழிக்கும் நோகாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். தில்லைநாதனுக்கு வலு திருப்தி.

“எல்லாம் சரி, பிள்ளை. இனி மலை,” என்றார்.

“மலை எங்கை ஐயா?”

“அதை நீர்தான் கொண்டு வரவேணும். பரீட்சைக்குத் தேவையான சாமான் எல்லாம் விண்ணப்பதாரியின்ரை பொறுப்பு எண்டு சட்டத்திலை கிடக்கு. காரை ஆர் கொண்டு வந்தது?”

“நான்தான்.”

“அப்ப மலையும் நீர்தான்.”

“மலையை ஏத்தி வாறதெண்டால் லொறி வேணும் ஐயா. லொறி ஓட லைசென்ஸ் வேணும்.”

“அதுக்கு வேறை விண்ணப்பம்,” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார்.

ஆனாலும் தில்லைநாதன் கடமை தவறாதவர். மலை வசதி இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் தேசப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, உமது பகுதியில் கீரிமலை என்று ஒன்று இருக்கும்போது இப்படி எழுதுவது கவலைக்குரியது என்று பதில் போட்டது. கட்டளை கட்டளைதானே. அவர் குடையை எடுத்துக்கொண்டு பத்மாசினியின் காரில் ஏறிக் கீரிமலைக்குப் போனார். அங்கே கேணி இருந்தது, கடல் இருந்தது. காரைக் கேணிக்குள் இறக்கலாம், எங்கேயும் ஏற்ற வழியில்லை. ‘தலத்துக்கு நேரிற் சென்று பார்வையிட்டேன். மலை சமுகமளிக்கவில்லை’ என்று அறிக்கை எழுதினார். அதற்குப் பதிலே வரவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் சனம் விழித்துக்கொண்டது. பரீட்சை ஒன்று இருக்கிறது, அதில் ஒருவரும் பாஸ் பண்ணவில்லை என்று கேள்விப்பட்டால் யாழ்ப்பாணத்தான் சும்மா இருப்பானா? உடனே ரியூசன் தொடங்கிவிட்டது.

தொடங்கியவர் கந்தப்பு மாஸ்டர். அவர் ஹற்றனில் சில வருடம் படிப்பித்தவர், தினமும் மலையைக் கண்ணால் கண்டவர். அதைவிடத் தகுதி என்ன வேண்டும்? கொக்குவிலில் ஒரு கொட்டிலில் ‘மலைச் சாரதியக் கல்வி நிலையம்’ உதயமானது. வாங்குகளின் முன்கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். பிள்ளைகள் மல்லாந்தபடி இருந்து நோட்ஸ் எழுதினார்கள். ‘மலை எனப்படுவது யாதெனில்’ என்று தொடங்கி, மலையின் வகைகள், மலையின் பயன்கள், மலையில் காரை நிறுத்துவதால் ஏற்படும் நன்மை தீமைகள் என்று கொப்பி நிறைந்தது. வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் சைக்கிளும் இல்லாதவர்கள். அது ஒரு தடையாக யாருக்கும் தோன்றவில்லை.

விரைவில் அது நாகரிகமாகிவிட்டது. கலியாண வீட்டில் இரண்டு தாய்மார் சந்தித்தால், “உங்கடை மகன் மலை எடுக்கிறானோ?” என்பதுதான் முதற் கேள்வி. மாஸ்டர் வைத்த மாதிரிப் பரீட்சையில் முத்துக்குமாரு என்ற பொடியன் அதிவிசேட சித்தி பெற்றான். அவன் காருக்குள் ஒருநாளும் ஏறியதில்லை. அவனுடைய படத்தைக் கொட்டில் வாசலில் பெரிதாகப் போட்டார்கள். பத்தொன்பது வயதுப் பொடியனுக்குச் சாதகம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

பத்மாசினியும் ஒரேயொரு நாள் போனாள். சாய்ந்த வாங்கில் இருந்துகொண்டு, “மாஸ்டர், உண்மையாய்க் கார் பின்னுக்கு உருண்டால் என்ன செய்யிறது?” என்று கேட்டாள்.

“அது அடுத்த தவணையிலை,” என்றார் மாஸ்டர்.

அவளுக்கு அடுத்த தவணை வரை பொறுக்க முடியாது. கதிரவேலு கிணற்றடியில் எஞ்சின் வைக்கச் சீமெந்து மேடை கட்டி முடித்துவிட்டதாகச் சேதி வந்திருந்தது. எனவே அவள் நேரே நமசிவாயத்தாரிடம் போனாள். அவர் இளைப்பாறிய தபாலதிபர், ஊரில் நாலு பேர் கூடினால் தலைவர். மண்ணைக் குவித்து ஒரு மேடு கட்டினால் மலை ஆகிவிடும்தானே, பத்து வண்டில் மண் தந்தால் நானே குவிக்கிறேன் என்று அவள் சொன்னாள்.

யோசனை நல்லதாக இருந்தபடியால் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு நாங்கள் ஒரு சபை அமைத்தோம். நமசிவாயம் தலைவர். கந்தப்பு மாஸ்டர் மலை ஆலோசகர். எனக்கு உபசெயலாளர் பதவி தந்தார்கள். செயலாளர் பதவிக்கு நான்தான் பொருத்தம் என்று எல்லாருக்கும் தெரியும், அது வேறு கதை. சபையில் இருந்த எல்லாரும் வீட்டுக் கொட்டகையில் பழங்கார் ஒன்றைத் துணியால் மூடி வைத்திருந்து, திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வெளியில் எடுக்கிற பெரியவர்கள். பத்மாசினியைச் சேர்க்கவில்லை. மலை கட்டுவதற்கு அனுபவம் வேண்டும் அல்லவா?

மலை எந்த ஊருக்கு என்று சண்டை பிடித்தோம். வடமராட்சியார் தங்களுக்கு என்றார்கள். வலிகாமத்தார் எங்கள் மண் இல்லாமல் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். கடைசியில், காற்றைத் தவிர வேறு குடியிருப்பாளர் இல்லாத வல்லை வெளியில் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. ஒரு பக்கத்தார் செம்மண் கொண்டுவந்தார்கள், மற்றப் பக்கத்தார் கடல் மணல் கொண்டுவந்தார்கள். கல்வீட்டுக் கூரையளவு உயரத்தில் எங்கள் மலை எழுந்தது. திறப்பு விழாவில் நாதஸ்வரம், வாழைமரப் பந்தல், எட்டுப் பேச்சு. இமயத்துக்கு நிகரானது என்று தலைவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. மறைத்து என்ன, எல்லாருக்கும் கலங்கியது.

பரீட்சை அன்றைக்கே நடந்தது. பரிசோதகர் தில்லைநாதன் காருக்குள் ஏற மறுத்துவிட்டார். சில்லு பின்னுக்கு உருளுகிறதா என்று வெளியில் நின்று பார்ப்பதுதான் முறை என்றார். உண்மையில் அவர் தன் வாழ்நாளில் மலை ஏறியதில்லை. பத்மாசினி ஏற்றத்தின் நடுவில் காரை நிறுத்தினாள், கைப்பிறேக்கை இழுத்தாள், சனத்தைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு ஒரு விரற்கடையும் பின்னுக்குப் போகாமல் எடுத்து உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். அவ்வளவுதான். வேலை தெரிந்தவர் செய்தால் எதையும் பார்க்கச் சுவாரசியம் இருக்காது.

அடுத்து, அதிவிசேட சித்தி பெற்ற முத்துக்குமாருவின் முறை. காரை ஏற்றத்தில் ஒருவர் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தார். பொடியன் ஏறி இருந்து, கண்ணை மூடி, ‘மலை எனப்படுவது யாதெனில்’ என்று தொடங்கினான். மலையின் பயன்களுக்கு வரும்போது கார் உருளத் தொடங்கியது. அவன் ஒரு வசனமும் விடாமல் சொல்லிக்கொண்டே பின்னோக்கி வந்து, வாழைமரப் பந்தலைச் சரித்துக்கொண்டு நின்றான். கந்தப்பு மாஸ்டர் கை தட்டினார். விடை முழுக்கச் சரி என்றார்.

பாஸ் பண்ணியவள் பத்மாசினி மட்டுமே. ஆனால் லைசென்ஸ் கையோடு கிடைக்கவில்லை. மேலிடத்திலிருந்து தபாலில் வரவேண்டும் என்று தில்லைநாதன் சொல்லிவிட்டார். மார்கழி பிறந்தும் வரவில்லை. கதிரவேலு ஒருநாள் ஆணி கழற்றும் சாவிப் பெட்டியுடன் வந்து, காரின் ஆணிகள் இலேசாகக் கழலுகின்றனவா என்று சும்மா பார்த்தார். தாய் மீனாம்பிகை அடுப்படியில் நின்று அழுதாள். பத்மாசினி அழவில்லை, அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

இதற்கிடையில் மலையில் வேறு விசேடம் நடந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு மேடு ஒன்றைக் கண்டால், அதில் முருகன் இல்லாமல் இருப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. ஒரு வெள்ளிக்கிழமை உச்சியில் வேல் நின்றது. யார் நட்டது என்று தெரியாது. அடுத்த வெள்ளி கற்பூரம் எரிந்தது. அதற்கடுத்த வெள்ளி காவடி வந்தது. செருப்புடன் ஏறக்கூடாது என்று பலகை போட்டார்கள். காரின் ரயர் செருப்பா காலா என்று சபை கூடி விவாதித்தது. செருப்பென்றால் கழற்றிவிட்டு ஏறவேண்டும், காலென்றால் கழுவிவிட்டு ஏறவேண்டும். கழற்றினால் கார் ஏறாது, கழுவினால் கார் வழுக்கும். ஆகவே மலைமேல் கார் ஏற்றுவதை நிறுத்தி, படிக்கட்டு கட்டினோம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, குடாநாட்டுக்கு மலை கிடைத்துவிட்டது என்ற நல்ல செய்தியை மட்டும் தில்லைநாதன் மேலிடத்துக்கு அறிவித்திருந்தார். மேலிடம் மகிழ்ந்து இரண்டாவது சுற்றுநிருபத்தை அனுப்பியது. யாழ்ப்பாணம் இத்தால் மலைப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்படுகிறது. தரையில் ஓடிக்காட்டிப் பெற்ற பழைய லைசென்ஸ்கள் மலைப் பிரதேசத்தில் செல்லா. யாவரும் மலையில் மறுபரீட்சைக்குத் தோற்றுக. உள்ளூர் மலை தெய்வாதீனமாகிவிட்டதாகப் பத்திரிகை வாயிலாக அறிவதால், மாத்தளைக்கு அப்பாலுள்ள மலைக்கு வருக.

அதே தபாலில், தை பிறக்க முன்பே, பத்மாசினியின் லைசென்ஸ் வந்தது. குடாநாடு முழுவதிலும் செல்லுபடியான லைசென்ஸ் அது ஒன்றுதான். தில்லைநாதனுடையதும் போய்விட்டது.

செல்வநாயகம் வீட்டில் அன்றைக்குப் பாற்பொங்கல். கதிரவேலு சாவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பரவாயில்லை, பிள்ளை நல்லாயிருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீடுகளில்தான் இழவு விழுந்த மாதிரி இருந்தது. கார் கொட்டகையில் நிற்க, பெரிய மனிதர்கள் பஸ்ஸில் தொங்குவதா? தலைவர் நமசிவாயம் தானே நேரில் போய், “பிள்ளை, எங்களை ஒருக்கா மாத்தளைக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கொண்டு வா,” என்று கேட்டார்.

“வாறன்,” என்றாள் அவள். “வாடகைக்குத்தான்.”

காருக்குள் சபை நெருக்கியடித்து ஏறியது. தலைவர், பரிசோதகர், மலை ஆலோசகர், நான், இன்னும் மடியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஆனையிறவு, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை எல்லாம் சுகமாகக் கடந்தன. மாத்தளை தாண்டியதும் உண்மையான மலை ஒன்று வீதியின் குறுக்கே எழுந்து நின்றது. நாங்கள் கட்டியது மலையில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்களுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒஸ்ரின் பாதி ஏற்றத்தில் முக்கி, முனகி, நின்றுவிட்டது. பத்மாசினி கைப்பிறேக்கை இழுத்தாள்.

“எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ,” என்றாள்.

“நாங்களோ?” என்றார் தலைவர்.

“வேறை ஆர் இருக்கினம்?”

வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றி, தள்ளினோம். என் வாழ்நாளில் நான் அப்படித் தள்ளியதில்லை. கை விட்டால் கார் எங்கள் மேலேயே வரும் என்ற பயத்தில், ஒரு நூலும் பின்னுக்குப் போகவிடாமல் உச்சி வரை தள்ளினோம். அங்கே ஒரு மரத்தடியில் கதிரை போட்டு அந்த ஊர்ப் பரிசோதகர் இருந்தார். அடைக்கலநாதன் என்று பெயர், எங்கள் பக்கத்து மனிதர். இவர்கள் யார் என்று பத்மாசினியிடம் கேட்டார்.

“சாரதிமார், ஐயா. பரீட்சைக்கு வந்தவை.”

அவர் எழுந்து எங்களைச் சுற்றி வந்து பார்த்தார். “எல்லாரும் பாஸ்,” என்றார்.

எங்களுக்கு மூச்சு வாங்கியதில் உடனே விளங்கவில்லை. நாங்கள் இன்னும் ஓடிக் காட்டவில்லையே என்று தில்லைநாதன்தான் இழுத்தார். சட்டம் அவரை விடாது.

“ஏத்தத்திலை நிண்ட கார் பின்னுக்குப் போகாமல் மேலை வரவேணும். வந்தது. நான் என்ரை கண்ணாலை பாத்தனான். விண்ணப்பதாரி காரின்ரை எந்தப் பக்கம் நிக்கவேணும் எண்டு சட்டத்திலை இல்லை,” என்றார் அடைக்கலநாதன். பிறகு பேனையை மூடி வைத்துக்கொண்டு சொன்னார்: “ஆனால் ஒரு நிபந்தனை. மூக்குக் கண்ணாடி போட்டுப் பாஸ் பண்ணினவர் கண்ணாடி போட்டுத்தான் ஓடவேணும். பின்னாலை நிண்டு பாஸ் பண்ணினவர் பின்னாலை நிண்டுதான் ஓடவேணும்.”

தில்லைநாதன் சிறிது யோசித்துவிட்டு, இதில் பிழை ஒன்றும் இல்லை என்றார். எனக்கும் பிழை தெரியவில்லை. லைசென்ஸ் கிடைத்த சந்தோசத்தில் பிழை தேடுகிறவன் யார்?

இப்போது எங்கள் பக்கம் வருகிறவர்கள் பார்க்கலாம். காலையில் நெல்லியடிச் சந்தியில் ஒஸ்ரின் நிற்கும். பத்மாசினி ஸ்ரியரிங் வளையத்தைப் பிடித்தபடி இருப்பாள். பக்கத்து ஆசனத்தில் செல்வநாயகம் இருந்து, “வல்லை, அச்சுவேலி, யாழ்ப்பாணம்” என்று கூவுவார். லைசென்ஸ் உள்ள பெரியவர்கள் எல்லாரும் பின்னால் கை வைத்துத் தயாராக நிற்போம். முதலில் நாங்கள் சிலர்தான். பிறகு அது பரவிவிட்டது. மாத்தளைக்குப் போய்த் தள்ளிவிட்டு வராத குடும்பத்தில் பெண் எடுக்க ஆட்கள் யோசிக்கிறார்கள். மாப்பிள்ளை எந்தப் பக்கம் தள்ளுகிறார், நடுவிலா ஓரத்திலா என்று விசாரிக்கிறார்கள். கந்தப்பு மாஸ்டர் வாங்குகளின் பின்கால்களுக்குக் கல்லை மாற்றிவிட்டு, தள்ளல் வகுப்பு நடத்துகிறார். முத்துக்குமாரு அதிலும் அதிவிசேட சித்தி.

இத்தனை பேர் தள்ளும்போது எஞ்சின் எதற்கு என்று கதிரவேலு ஒருநாள் வந்து பணிவாகக் கேட்டார். பத்மாசினி நல்ல விலைக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பாரம் குறைந்து கார் முன்னையைவிட நன்றாக ஓடுகிறது. வெங்காயமும் அந்த வருடம் நல்ல விளைச்சல்.

காருக்குள் பின் ஆசனம் எப்போதும் காலிதான். லைசென்ஸ் உள்ளவன் உள்ளே போய்ச் சும்மா இருந்தால் மதிப்பு என்ன ஆவது? ஆனாலும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் அவள் இறங்கி வந்து, தள்ளிய ஒவ்வொருவரிடமும் வாடகை வாங்குவாள். தள்ளுகிறவனும் காசு கொடுக்க வேண்டுமா என்று ஒருநாள் நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“தேவையில்லை மாமா,” என்றாள் அவள். “நடந்து வாறதெண்டால் காசு தரத் தேவையில்லை.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லாரும் மடியை அவிழ்த்துக் காசு கொடுத்தோம். கையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு எவனாவது நடந்து போவானா?